மிகையை எங்கே வைப்பது?
பாக் காலத்து விசைக்கருவிகளும் சுருதிப் பங்கீடும்

பெர்லின் அரசு நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுவரும் இசைச்சுவடிகளுள் ஒன்று, 1722 என்னும் ஆண்டைத் தன் முகப்பேட்டில் தாங்கியது. எழுதியவர் யோஹான் செபாஸ்டியன் பாக். அப்போது அவர் கோத்தன் என்னும் சிற்றரசின் அவையில் இசைத்தலைவராக இருந்தார். பன்னிரண்டு கட்டைகளுள் ஒவ்வொன்றையும் ஆதாரமாகக் கொண்டு, மேஜர், மைனர் என இருவகையாக, 24 இணைகளை அவர் அச்சுவடியில் இயற்றி வைத்தார். இணை ஒவ்வொன்றிலும் ஒரு பிரெலூடும் ஒரு ஃபியூகும் உண்டு. நூலின் பெயரைத் தமிழாக்கினால் 'நன்கு பங்கிட்டுச் சுருதி கூட்டிய விசைக்கருவி' என்பதுபோல் அமையும். 'நன்கு' என்று கூறியவர், எவ்வாறு என்று ஓரிடத்திலும் கூறவில்லை. அம்முகப்பேட்டில் தலைப்புக்கு மேலே, பேனாவால் சுழித்த சுழிகள் ஒரு வரிசையாக ஓடுகின்றன. எண்ணினால் பதினொன்று. ஏறத்தாழ 280 ஆண்டுகள் அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. அவை எழுதுகோலின் விளையாட்டா, அல்லது பாக் சொல்லாமல் விட்ட அந்த 'எவ்வாறு' என்பதன் குறிப்பா என்னும் வழக்கு 1999ஆம் ஆண்டில் தொடங்கி இன்றளவும் தீராமல் நிற்கிறது.

வழக்கின் வேர் ஒரு கணக்கில் இருக்கிறது. ஒரு தந்தியை மூன்றில் இரண்டு பங்காகக் குறுக்கி மீட்டினால் பஞ்சமம் பிறக்கும். தமிழிசை மரபில் அதற்கு இளி என்று பெயர். குரலுக்கு இளி, அவ்விளிக்கு இளி என்று தொடுத்துச் சென்று நரம்புகளைப் பெறும் முறை சிலப்பதிகார உரைகளைப் பயின்றவர்க்குப் புதியதன்று. அவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால், புறப்பட்ட சுரத்துக்கே ஏழு ஸ்தாயி மேலே வந்து சேர வேண்டும். ஆனால் சேர்வதில்லை. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75ஐ ஒட்டிய எண் வருகிறது. இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128 தான் வருகிறது. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பகுக்கும் அளவையை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் எல்லிஸ் என்னும் ஆங்கிலேயர் வகுத்தார். அவ்வளவையில் இந்த மிகை 23.5 சென்ட், அதாவது, ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. பிதாகரஸின் பெயரால் வழங்கும் இம்மிகையை எந்தக் கணிதராலும் ஒழிக்க இயலாது. இரண்டின் அடுக்கும் மூன்றின் அடுக்கும் ஒருபோதும் சமமாவதில்லை என்பதே அதன் காரணம்.

காந்தாரத்தில் சிக்கல் இன்னும் பெரிது. செவிக்கு இனிதான அந்தர காந்தாரம் ஐந்துக்கு நான்கு என்னும் விகிதத்தில் அமைவது, 386 சென்ட். நான்கு தூய பஞ்சமங்களை அடுக்கி, இரண்டு ஸ்தாயி இறக்கினால் கிடைக்கும் காந்தாரமோ 408 சென்ட்டாக நிற்கிறது. மேலும், மூன்று இனிய காந்தாரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு ஸ்தாயி நிறைய வேண்டும் என்று விசைப்பலகை எதிர்பார்க்கிறது. ஆனால் நிறையாமல் 41 சென்ட் குறைகிறது. எனவே சி–இ, இ–ஜி ஷார்ப், ஜி ஷார்ப்–சி என்னும் மூன்று காந்தாரங்களும் தமக்குள் அந்த 41 சென்ட்டை எப்படியேனும் பங்கிட்டுக்கொண்டே ஆக வேண்டும். ஒன்று இனித்தால் மற்ற இரண்டும் அதன் கடனை அடைக்கும். இந்தக் கணக்கு மாறாதது. மாறக்கூடியது பங்கீடு மட்டுமே. டெம்பரமென்ட் என்று ஐரோப்பியர் வழங்கும் சொல்லுக்குச் 'சுருதிப் பங்கீடு' என்பது பொருந்திய தமிழாகலாம்.

பாடுவோர்க்கும் வில்லிசைக் கருவியாளர்க்கும் இத்தொல்லை பெரிதாக இல்லை. குரலும் விரலும் இடத்துக்கு ஏற்ப நெகிழ்ந்து கொடுக்கும். ஆர்கனின் குழலும் ஹார்ப்சிகார்ட்டின் தந்தியும் நெகிழமாட்டா. ஒரு கட்டைக்கு ஒரே ஒலி. வாசிக்கும்போது அதை மாற்ற வழியில்லை. அதனுடன், ஐரோப்பிய இசையில் ச, க, ப மூன்றும் ஒரே கணத்தில் சேர்ந்து ஒலிக்கின்றன. சேர்ந்து ஒலிக்கும்போது பிழையானது இயற்பியலார் விம்மல் என்று குறிக்கும் அலைப்பாக, ஒலி எழுந்து எழுந்து தாழும் துடிப்பாக, வெளிப்படையாகவே கேட்கும். இக்காலப் பியானோவில் நடு ஸ்தாயியின் சி, இ என்னும் இரு கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் நொடிக்குப் பத்து விம்மல்கள் எழுகின்றன. பழக்கத்தால் அது காதில் விழுவதில்லை, அவ்வளவே.

16ஆம் நூற்றாண்டினர் காந்தாரத்தின் பக்கம் நின்றனர். 1523இல் வெனிஸில் வெளிவந்த பியத்ரோ ஆரோனின் நூல் சொல்லும் முறையில், பஞ்சமங்கள் ஒவ்வொன்றும் சிறிது தாழ்த்தப்பட்டு, எட்டு மேஜர் காந்தாரங்கள் முழுத் தூய்மை பெறுகின்றன. அதன் விலையை ஜி ஷார்ப்புக்கும் இ ஃப்ளாட்டுக்கும் இடைப்பட்ட பஞ்சமம் செலுத்தியது. தூய நிலையிலிருந்து 36 சென்ட் விலகி நின்ற அதனை ஓநாய் என்றே அழைத்தனர். ஓநாய் ஊளையிடும் சுருதிகளில் எவரும் இசை இயற்றவில்லை. சிலர் கறுப்புக் கட்டையை இரண்டாகப் பிளந்து, முன்பாதியில் ஒரு சுரமும் பின்பாதியில் மற்றொன்றுமாகக் கருவி செய்தனர். அவருக்கும் முன்னதாக, 1511இல் ஆர்கன் பற்றி ஜெர்மன் மொழியில் நூலெழுதிய அர்னோல்ட் ஷ்லிக், கண்பார்வை இழந்தவர். செவியொன்றையே அளவுகோலாகக் கொண்டவர். ஒரு கறுப்புக் கட்டை ஏ ஃப்ளாட்டாகவும் ஜி ஷார்ப்பாகவும் இருவேலை பார்க்க நேரும்போது, பிழை தெரியும் இடத்தில் ஓர் அலங்காரத்தை இட்டு அதனை மறைத்துவிடலாம் என்று அவர் சொல்லித் தருகிறார். யாப்பின் நெருக்கடி அறிந்த புலவர்க்கு இவ்வுத்தி வியப்பளிக்காது. சீர் நிறைய அளபெடுத்த இடங்கள் தமிழில் குறைவா என்ன?

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறுகிறது. இசை சுருதி விட்டுச் சுருதி தாவத் தொடங்கியது. ஓநாயை ஒரு மூலையில் கட்டிவைக்க இயலாமற் போயிற்று. ஜெர்மானிய ஆர்கன் கலைஞரான அந்திரேயாஸ் வெர்க்மைஸ்டர் 1691இல் வெளியிட்ட நூலில் பல பங்கீடுகளை விளக்குகிறார். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றில் சி–ஜி, ஜி–டி, டி–ஏ, பி–எஃப் ஷார்ப் ஆகிய நான்கு பஞ்சமங்கள் மட்டும் மிகையில் கால் பங்கு வீதம் தாழ்த்தப்படுகின்றன. ஏனைய எட்டும் தூயன. விளைவு அழகானது. சி–இ காந்தாரம் நான்கே சென்ட் மிகைபட்டு ஏறத்தாழத் தூயதாக நிற்கிறது. அதன் கடனில் இ–ஜி ஷார்ப் 15.6 சென்ட்டையும், ஏ ஃப்ளாட்–சி 21.5 சென்ட்டையும் ஏற்றுக்கொள்கின்றன. ஓநாய் ஒழிந்தது, எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம். ஆயினும் எல்லாச் சுருதிகளும் ஒன்றுபோல் ஒலிக்கவில்லை. சி அமைதியாக ஒலிக்கும். கறுப்புக் கட்டைகள் பெருகப் பெருகக் கூர்மையும் பதற்றமும் ஏறும். சுருதிக்கு ஒரு குணம் உண்டு என்று அக்காலத்தவர் எழுதியதெல்லாம் கற்பனையன்று, கட்டைகளில் உண்மையிலேயே கேட்ட வேறுபாடு என்பதை இதனால் உணரலாம்.

கூனிக்ஸ்பெர்க் அரசவை இசையாளரான யோஹான் கியோர்க் நைட்ஹார்ட் 1724ஆம் ஆண்டு நூலில் செய்த வகைப்பாடு இன்னும் சுவையானது. சிற்றூருக்கு ஒன்று, சிறு நகருக்கு ஒன்று, பெருநகருக்கு ஒன்று, அரசவைக்கு ஒன்று என நான்கு பங்கீடுகளை அவர் வகுத்தார். சிற்றூர் ஆலயத்தில் எளிய சுருதிகளே பயிலும். அவற்றுக்கு இனிமையை மிகுத்துக் கொடுக்கலாம். அரசவையில் எல்லாச் சுருதிகளும் பயிலும். ஆகவே அங்கே மிகையைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பிரித்துவிட வேண்டும். இந்தச் சமப் பங்கீடே இன்றைய பியானோவில் இருப்பது. அதில் ஒவ்வொரு பஞ்சமமும் இரண்டு சென்ட் தாழும். ஒவ்வொரு மேஜர் காந்தாரமும் 13.7 சென்ட் மிகும். ஆக, 'சமம்' என்பது அக்காலத்தவர் அறியாத புதுமையன்று. சீன இளவரசர் சூ சாய்யூ 1584இலேயே அதன் எண்களைக் கணித்திருந்தார். 18ஆம் நூற்றாண்டினர் அதை அறிந்தும், பல வழிகளுள் ஒன்றாகவே வைத்தனர் என்பதுதான் கருதத்தக்கது.

இதே நைட்ஹார்ட் பங்குபெற்ற ஒரு போட்டி 1706இல் ஜெனா நகரில் நடந்தது. புதிய ஆர்கனின் ஒரு குழல்வரிசையை அவர் மோனோகார்ட் என்னும் ஒற்றைத்தந்தி அளவுகோலை வைத்துக் கணக்குப்படி சுருதி கூட்டினார். மற்றொரு வரிசையை, பாக்கின் உறவினரான யோஹான் நிகோலவுஸ் பாக் செவியால் மட்டுமே கூட்டினார். நைட்ஹார்ட் தம் வரிசையே சிறந்ததென்று கருதியதாகவும், பாடகர் ஒருவரைத் தொலைவான ஒரு சுருதியில் பாடவைத்துப் பார்த்தபோது அவர் குரல் நிகோலவுஸின் வரிசையோடு இயைந்ததாகவும் ஆட்லுங் என்னும் நூலாசிரியர் பதிவு செய்துள்ளார். கணக்கு பிழையானதென்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. காகிதத்தில் வரைந்த எண்ணைக் குழலில் இறக்குவது வேறு கலை என்பதே இதன் சாரம்.

செபாஸ்டியன் பாக் எதைக் கையாண்டார்? சான்றுகள் சில; அவையும் பிறர் வாய்ச்சொற்கள். 1754இல் வெளியான அவருடைய மறைவுக் குறிப்பை அவர் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேலும் மாணவர் அக்ரிகோலாவும் எழுதினர். எல்லாச் சுருதிகளும் இனிமையாக ஒலிக்குமாறு அவர் ஹார்ப்சிகார்ட்டைச் சுருதி கூட்டுவார் என்றும், சுருதிப் பிழைக்காகத் தவிர்க்க வேண்டிய சுருதி எதுவும் அவருக்கு இல்லை என்றும் அது கூறுகிறது. 1802இல் வாழ்க்கை வரலாறு எழுதிய ஃபோர்கெல், பாக் தம் கருவிக்குத் தாமே சுருதி கூட்டுவார் என்றும், அதற்கு அவருக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆனதில்லை என்றும் எழுதினார். மார்புர்க் 1776இல் தரும் செய்தி மிகவும் நுட்பமானது. பாக்கின் மாணவர் கிர்ன்பெர்கருக்குச் சுருதி கூட்டக் கற்பித்தபோது, மேஜர் காந்தாரங்கள் எல்லாவற்றையும் சற்று மிகையாகவே வைக்கவேண்டும் என்று ஆசான் வற்புறுத்தினாராம். ஒரு காந்தாரமும் முழுத் தூய்மை பெறக்கூடாது என்பது இதன் பொருள். ஆனால் அந்தக் கிர்ன்பெர்கரே பின்னாளில் தாம் வெளியிட்ட பங்கீடுகளில் சி–இ காந்தாரத்தைத் தூயதாக வைத்தார்! ஆசிரியர் பெயரைச் சொல்லும் மாணவர் வழியே மூலத்தை எட்டிவிடலாம் என்று நம்புவோர்க்கு இது ஓர் எச்சரிக்கை. இவற்றோடு, சில்பர்மன் என்னும் புகழ்பெற்ற ஆர்கன் செய்வோரின் பழைய முறைப் பங்கீட்டில் எஞ்சிய கெட்ட கூட்டொலிகளைப் பாக் காட்டுத்தனமானவை என்று சொன்னதாக சோர்கெ 1748இல் எழுதியுள்ளார். ஆக, ஓநாய் கூடாது. முழுத் தூய்மையும் கூடாது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையில் எண்ணற்ற பங்கீடுகளுக்கு இடமிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் போக்கில் சமப் பங்கீடு பொதுவழக்காகி, பிற பங்கீடுகள் மறக்கப்பட்டன. பியானோ தொழிற்சாலைகளும் சுருதி கூட்டுவதைத் தொழிலாகக் கொண்டோரும் ஒரே முறையை விரும்பினர். ஹார்மோனியம் வழியே அந்தக் கட்டைகள் இந்தியாவுக்கும் வந்தன. கமகம் இல்லை, சுருதியும் நம்முடையதன்று என்னும் வாதங்களால் 1940இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியதும், 1971இல் அத்தடையைத் தளர்த்தியதும் தமிழிசை உலகம் அறிந்தவை. இதே கணக்கோடு தமிழர் நேரடியாகப் பொருதிய வரலாறும் உண்டு. 1916இல் பரோடா மாநாட்டில் வாதிட்டு, 1917இல் 'கருணாமிர்த சாகர'த்தை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், 22 சுருதிக் கொள்கையை மறுத்து, ஸ்தாயியைச் சம அளவான சுருதிகளாகப் பகுப்பதே பண்டைத் தமிழர் முறை என்றார். 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலானந்த அடிகள், மறைந்துபோன யாழின் நரம்புகளைச் சிலம்பின் வரிகளிலிருந்தும் உரையிலிருந்தும் கணித்தெடுத்தார். கருவியின் ஒலி போய்விட்டது, ஏடு மட்டும் எஞ்சியிருக்கிறது என்ற நிலையில் ஆய்வாளர் செய்யும் வேலை எந்நாட்டிலும் ஒன்றுதான்.

20ஆம் நூற்றாண்டில் பழைய கருவிகளைப் பழைய முறையில் செய்து, பழைய இசையை அக்காலத்து ஒலியில் வாசிக்கும் இயக்கம் வளர்ந்தபோது, பங்கீட்டுச் சிக்கல் மீண்டும் எழுந்தது. 1951இல் மரே பார்பர் எழுதிய வரலாற்று நூல் நெடுங்காலம் துறையின் மூலநூலாக விளங்கியது. ஆனால் அதில் ஒரு சாய்வு உண்டு: பழைய பங்கீடுகளைச் சமப் பங்கீட்டிலிருந்து எவ்வளவு விலகின என்னும் கோலால் அவர் அளந்தார். விலகலே அவற்றின் நோக்கமாக இருந்திருக்கலாம் என்பதற்கு அக்கோலில் குறியீடு இல்லை. வெண்பாவின் தளைகொண்டு அகவலை அளந்து, தளை தட்டுகிறது என்று தள்ளியதற்கு ஒப்பானது இது.

பின்வந்தோர் பாக்கின் பங்கீட்டைத் தாமே வடிவமைக்க முனைந்தனர். 1970களில் ஹெர்பர்ட் ஆன்டன் கெல்னர், ஐந்து பஞ்சமங்களை மிகையில் ஐந்திலொரு பங்கு வீதம் தாழ்த்தி, ஏழைத் தூயதாக விட்டார். சி மேஜர் கூட்டொலியில் காந்தாரமும் பஞ்சமமும் ஒரே வேகத்தில் விம்முமாறு அமைத்து, அதில் மும்மைத் தத்துவத்தின் ஒருமையைக் கண்டார். பாக்கின் முத்திரைச் சின்னத்திலும் எண் தேடினார். கேட்க இனிய பங்கீடுதான். ஆனால் அதன் இனிமை அந்த எண் விளக்கத்துக்குச் சான்றாகாது.

எடின்பரோவில் பழங்கருவித் தொகுப்பொன்றின் காப்பாளராக இருந்த ஜான் பார்ன்ஸ் 1979இல் எடுத்த வழி வேறு. அவர் முகப்பேட்டையோ முத்திரையையோ பார்க்கவில்லை, இசையையே பார்த்தார். நூலின் முதற்பாகத்துப் பிரெலூடுகளில் ஒவ்வொரு மேஜர் காந்தாரமும் எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு தூக்கலாக ஒலிக்கிறது என்று கணக்கெடுத்தார். கூர்மையான காந்தாரங்களை இயற்றுபவர் நீட்டி நிறுத்தமாட்டார், விரைந்து கடந்துவிடுவார் என்பது அவருடைய கொள்கை. அக்கணக்கிலிருந்து அவர் பெற்ற பங்கீட்டில் எஃப்–சி–ஜி–டி–ஏ–இ வரையிலான ஐந்து பஞ்சமங்களும், பி–எஃப் ஷார்ப்பும் ஆறிலொரு பங்கு வீதம் தாழ்கின்றன; எஞ்சியவை தூயன. புலவர் ஒருவர் எந்தச் சொல்லைத் தவிர்த்தார் என்பதைக் கொண்டு அவர் வழங்கிய மொழியின் இயல்பை ஊகிக்கும் முறை இது. முடிவில் ஐயம் இருக்கலாம், முறை மதிக்கத்தக்கது.

இனி அந்தச் சுழிகள். 1999இல் ஜெர்மனியைச் சேர்ந்த அந்திரேயாஸ் ஷ்பார்ஷு அவற்றைச் சுருதிக் குறிப்பு என்று முதலில் முன்மொழிந்தார். 2005இல் அமெரிக்க ஹார்ப்சிகார்ட் கலைஞர் பிராட்லி லேமன், 'எர்லி மியூசிக்' இதழில் இரு பகுதிகளாக விரிவான கட்டுரை வெளியிட்டார். பதினொரு சுழிகளுள் ஐந்தில் உட்சுழி இரட்டையாகவும், மூன்றில் ஒற்றையாகவும் உள்ளது. மூன்றில் உட்சுழியே இல்லை. ஏட்டைத் தலைகீழாகத் திருப்பி இடமிருந்து வலமாகப் படித்தால் ஐந்து, மூன்று, மூன்று என்று வரிசை வரும். எஃப் தொடங்கி ஐந்து பஞ்சமங்கள் ஆறிலொரு பங்கு தாழ வேண்டும். அடுத்த மூன்று தூயன. அதையடுத்த மூன்று பன்னிரண்டிலொரு பங்கு தாழ வேண்டும் என்று அவர் உரை கண்டார். கணக்கிட்டால் தாழ்வு மிகையைக் கடந்துவிடுகிறது. ஆகவே எஞ்சிய பி ஃப்ளாட்–எஃப் பஞ்சமம் பன்னிரண்டிலொரு பங்கு உயர்ந்தே ஆக வேண்டும்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு அளைமறிபாப்புப் பொருள்கோள் நினைவுக்கு வரும். வளைக்குள் புகும் பாம்பு தலைமாறி மடங்குவதுபோல், பாட்டின் ஈற்றுச் சொல் இடைக்கும் முதலுக்கும் சென்று பொருள் கூட்டும். தமிழில் அதற்கு இலக்கண நூல் சான்று உண்டு. இருந்தும் உரையாசிரியர்கள் அதை அருகியே பயன்படுத்தினர். ஏட்டைத் தலைகீழாகத் திருப்புக என்று சொல்லும் 18ஆம் நூற்றாண்டு நூல் எது என்பதே லேமனின் எதிராளிகள் எழுப்பிய வினாவின் சாரம். 2006இல் மார்க் லிண்ட்லி, ஈபோ ஓர்ட்கீஸ் இருவரும் கூட்டாகவும், ஜான் ஓ'டானல் தனியாகவும் அதே இதழில் மறுப்பு எழுதினர். மறுப்பின் கூர்மையான பகுதி எண்களில் உள்ளது. லேமனின் பங்கீட்டில் சி–இ 392 சென்ட்டாக இனிமையோடு நிற்கிறது. ஆனால் மிக அகன்ற காந்தாரம் இ–ஜி ஷார்ப்பின்மேல், 406 சென்ட்டாக, விழுகிறது. ஏ ஃப்ளாட்–சி 402 சென்ட்டோடு தப்பிவிடுகிறது. வெர்க்மைஸ்டர், நைட்ஹார்ட் வழிவந்த மரபில் கறுப்புக் கட்டைகள் மிகுந்த சுருதிகளே சுமையேற்பது வழக்கம். நான்கே ஷார்ப் உள்ள, மிகுதியாகப் பயிலும் இ மேஜருக்கு உச்சச் சுமையை ஏற்றுவது அம்மரபுக்கு மாறு. இவ்வாதம் வலியது என்றே தோன்றுகிறது. எனினும் லேமனின் பங்கீட்டை விரும்பி வாசித்துப் பதிவு செய்த கலைஞர்கள் உள்ளனர். அவர்கள் செவியைப் பொய் என்று கூறிவிட முடியாது. உரை தவறாயிருந்தும் உரைநடை அழகாயிருப்பதுண்டு. பாக்கின் சுருதி இதுவே என்று சொல்லும்போதுதான் தகராறு. பாக்கை வாசிக்க ஒரு நல்ல சுருதி என்று சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஆய்வாளர் எவருக்கும் அந்தச் சிறிய சொல்லோடு நிறைவடைய மனம் வருவதில்லை.

நாள்தோறும் சுருதி கூட்டுவோர் இவ்வழக்குகளுக்கு அப்பால் நிற்கின்றனர். இன்று பழமுறை இசைக்குழுக்களில் பெரிதும் பயில்வது பாதுவா நகரத்துப் பாதிரியார் பிரான்செஸ்கோ வல்லோத்தியின் (1697–1780) பங்கீடு. எஃப் முதல் பி வரை ஆறு பஞ்சமங்கள் ஆறிலொரு பங்கு தாழும். மற்ற ஆறும் தூயன. ஒளி அலையியலுக்குப் புகழ்பெற்ற தாமஸ் யங் 1800இல் வெளியிட்ட பங்கீடொன்று, இதையே ஒரு பஞ்சமம் தள்ளி, சி–யில் தொடங்குவதாக அமைகிறது. இதன் சிறப்பு வரலாற்றில் இல்லை, எளிமையில் இருக்கிறது. சி–இ காந்தாரம் ஆறு சென்ட் மிகும். எஞ்சிய 35ஐ இ–ஜி ஷார்ப்பும் ஏ ஃப்ளாட்–சியும் சமமாக ஏற்றுக்கொள்ளும். வயலின்காரர்களின் வெறுந்தந்திகளான ஜி, டி, ஏ, இ நான்கும் ஒரே அளவில் தாழ்ந்திருப்பதால் குழுவுக்குள் சச்சரவும் குறைவு.

கூட்டும் முறையும் கடினமானதன்று. இக்கலைஞர்களிடையே பொதுவழக்கான 415 அதிர்வுச் சுருதிக்கவையை வைத்து ஏ தந்தி நிறுத்தப்படும். அதற்குக் கீழே எஃப். இரண்டும் சேர்ந்து மெல்ல விம்ம வேண்டும். இடையிலுள்ள சி, ஜி, டி மூன்றும் ஒத்த அளவில் தாழுமாறு நிரப்பப்படும். ஏ–யிலிருந்து இ, பி இரண்டும் அவ்வாறே. பிறகு எஃப் தொடங்கிக் கீழ்நோக்கி, பி ஃப்ளாட், இ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட், ஜி ஃப்ளாட் என்று விம்மலே இல்லாத தூய பஞ்சமங்கள். கடைசியில் ஜி ஃப்ளாட்டையும் பி–யையும் சேர்த்து அழுத்திப் பார்ப்பர். அதுவும் தூயதாக வந்தால் வட்டம் மூடிவிட்டது. வராவிட்டால் வழியில் எங்கோ கை தவறியிருக்கிறது, திரும்பிச் செல்ல வேண்டும். மண்டபத்தில் விளக்குகள் ஏற்றப்பட்டு, ஆட்கள் நிறைந்து, காற்றில் ஈரமும் வெப்பமும் ஏறியதும் தந்திகள் மறுபடி நழுவும். இடைவேளையில் அதே கலைஞர் திருகியோடு மேடையேறுவதை ஹார்ப்சிகார்ட் கச்சேரிகளில் காணலாம்.

கூட்டி முடித்ததும் சோதிப்பதற்குப் பாக்கின் நூலிலேயே ஓர் இடம் இருக்கிறது. முதற்பாகத்தின் எட்டாம் இணையில் பிரெலூட் இ ஃப்ளாட் மைனரில், ஆறு ஃப்ளாட்டுகளோடு எழுதப்பட்டுள்ளது. அதையடுத்த ஃபியூகோ டி ஷார்ப் மைனர், ஆறு ஷார்ப்புகள். ஆரோனின் பங்கீட்டில் இவை இரு வேறு சுரங்கள். பிளந்த கட்டை தேவைப்பட்ட இடம் அது. பாக்கின் சுவடியில் ஏட்டைப் புரட்டியதும் விரல் அதே கறுப்புக் கட்டையில் இறங்குகிறது; பெயர் மட்டும் மாறியிருக்கிறது.